தேர்ந்த ராக்கெட்பால் ஆட்டக்காரருக்குச் சில குறிப்புகள்

1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில் ஜோ சோபெக் என்பவர் வகுத்த ராக்கெட்பால் ஆட்டத்தில், பந்தயங்கள் பல வென்று தேர்ச்சி பெற்றவருக்கும் பயிற்சி ஆசிரியரின் துணை அவசியமே. ஏனெனில், ஆடுகிறவர் பந்தைக் காண்கிறாரேயன்றித் தம்மைக் காண்பதில்லை.

• ஆசிரியரைத் தனிப் பயிற்சிக்கு மட்டும் அழைக்காமல், உமக்கு நிகரானவரோடு நீர் மோதும் பந்தயத்துக்கும் வரவழைத்து, ஒவ்வொரு புள்ளியையும் இழந்த காரணத்தைக் குறித்துத் தரச் சொல்லும்.

• 40 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள அரங்கில், சர்வீஸ் அடித்ததும் பின்னே நகர்ந்து மத்திய ஸ்தானத்தைப் பிடிக்கிறீரா, அன்றி அடித்த இடத்திலேயே தயங்குகிறீரா என்பதை, வீடியோப் படத்தை மெதுவாக ஓட்டி, ஆசிரியரோடு அமர்ந்து பரிசீலியும்.

• கூரையில் பட்டு முன்சுவரைத் தொட்டுத் திரும்பும் பந்து, எதிரியின் பேக்ஹேண்ட் பக்கத்துப் பின்மூலையில் இறங்கும் வரையில், அந்த ஒரே அடியை ஆசிரியர் முன்னிலையில் திரும்பத் திரும்ப அப்பியாசம் செய்யும்.

• பல குறைகளை ஏககாலத்தில் திருத்த முயலாமல், ஒன்று பழக்கமாகப் படிந்த பின்னரே மற்றொன்றைத் தொடங்கும்.

• பிடியையோ வீச்சையோ மாற்றுங்கால் ஆட்டம் சில காலம் தளர்வது சகஜமாதலால், அத்தகைய மாற்றங்களைப் பந்தயங்கள் இல்லாத பருவத்தில் வைத்துக்கொள்ளும்.

• பயிற்சியாயினும் கண்காப்புக் கண்ணாடியின்றி அரங்கினுள் நுழையாதீர்.