மூழ்குவோனும் சுண்ணாம்பும்

குன்றத்தூரில் எம் தெருவில் பொங்கலுக்கு முன் வீடுதோறும் வெள்ளையடிப்பர். சுண்ணாம்பைத் தொட்டியில் கரைத்துத் தெளியவைத்தால் மேலே தெள்ளிய நீர் நிற்கும். அந்நீரைச் சிறிது எடுத்து, ஒரு குழலை இட்டு ஊதுங்கள், மறந்தும் உறிஞ்சிவிடாதீர்கள். சற்று நேரத்தில் நீர் பால்போல் வெளுக்கும். நாம் வெளிவிடும் மூச்சில் நூற்றுக்கு 4 பங்களவு கரியமில வாயு உண்டு. சுண்ணாம்பு அதனைப் பற்றிக்கொண்டு கல்லாகின்றது. சுவரில் பூசிய வெள்ளை இறுகுவதும் இதனாலேயே.

கடலடியில் உலவுவோனுக்கு இச்சிறு செய்தியே உயிர்த்துணை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர் மூச்சடக்கி மூழ்கினர். அவரை மேலே வரத் தூண்டியது பிராணவாயுக் குறைவு எனப் பலரும் எண்ணுவர். உண்மையில், குருதியில் பெருகும் கரியமில வாயுவே முதலில் மூச்சுக்கு ஏங்கச் செய்வது. விட்ட மூச்சையே பையில் பிடித்து, பிராணவாயு சேர்த்து, மீண்டும் உட்கொள்ளும் கருவியொன்று உண்டு. அதில் கரியமில வாயுவை நீக்காவிடின் தலைவலியும் மூச்சிரைப்பும் தோன்றிப் பின் மதி மயங்கும். மயங்கிய மதி தன் மயக்கத்தைத் தான் அறியுமோ?

1878-இல் இங்கிலாந்தில் ஃப்ளூஸ் என்பவர் இத்தகைய கருவியொன்றைச் சமைத்தார். எரிபொட்டாஷ் நீரில் தோய்த்த கயிற்று நாரே அதில் வாயுவைப் பற்றியது. 1880-இல் செவர்ன் ஆற்றின்கீழ் அகழ்ந்த சுரங்கத்தில் வெள்ளம் புகுந்திருந்தபோது, லாம்பர்ட் என்னும் மூழ்குவோர் அக்கருவியை அணிந்து, இருளில் ஏறத்தாழ 1000 அடி சென்று இரும்புக் கதவை அடைத்து மீண்டார். எனினும் எரிபொட்டாஷில் நீர் புகுந்து அது வாய்க்கு ஏறினால் தொண்டை வெந்துபோம்.

லித்தியம் ஹைட்ராக்சைடு எடை குறைந்தது. ஒரு கிலோ, கணக்குப்படி, ஏறத்தாழ 920 கிராம் வாயுவைப் பற்றும். நீற்றிய சுண்ணாம்போ 590 கிராமே பற்றும். குளிரிலும் லித்தியம் தளராது. 1970-இல் அப்பல்லோ 13 கலத்தில் மூவரின் உயிரைக் காத்ததும் அதுவே. ஆயினும் விலை மிகுதி. அதன் தூள் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். எடையே பெரிதாகிய வானூர்திக்கு அது தகும். கடலில் மூழ்குவோன் நாடவேண்டுவது பிழை பொறுக்கும் பொருளையே என்பது என் கருத்து.

அப்பொருள் சோடாச் சுண்ணாம்பு. பெரும்பகுதி நீற்றிய சுண்ணாம்பே. சிறிதளவு எரிசோடாவும், ஏறத்தாழ 15 முதல் 20 பங்களவு நீரும் சேர்த்துக் குறுமணிகளாக்குவர். நீர் வற்றினால் மணிகள் வேலை செய்யா. மணி மிகச் சிறிதாயின் மூச்சு இழுப்பது கடினம். பெரிதாயின் வாயு பிடிபடாது நழுவும். கலத்தில் நெருங்கக் கொட்டித் தட்டி நிரப்பாவிடின், மூச்சு தனக்கென ஒரு சந்து கண்டு அவ்வழியே ஓடிவிடும். கடல்நீர் புகின் இதுவும் சுடும். எரிபொட்டாஷின் கொடுமை மட்டும் இல்லை.

மருத்துவமனைகளில் மயக்கமருந்துக் கருவியிலும் இதுவே பயன்படுகின்றது. ஆங்கு, மணிகள் தீர்ந்தமைக்கு அடையாளமாக ஊதா நிறம் ஏறும்படி சாயம் கலப்பர். ஆனால் சற்று ஓய்ந்திருந்தால் அந்நிறம் மங்கி, மணிகள் மீண்டும் வெள்ளையாய்த் தோன்றும். ஆதலின் மூழ்குவோர் நிறத்தை நம்பார். நீருள் கழித்த நேரத்தைக் குறித்துவைத்து, கணக்கு முடிந்ததும், வெள்ளையாய் இருப்பினும் கொட்டிவிடுவர்.