அர்ச்சாமூர்த்தியும் அருங்காட்சியகமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவரங்கத்து உத்ஸவமூர்த்தியான அழகியமணவாளன் 1323-ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது ஸந்நிதியை விட்டு எழுந்தருளி, பல ஊர்களில் ஸஞ்சரித்து, 1371-இல் மீண்டும் பெரிய கோயிலுக்கு எழுந்தருளிய வரலாற்றை ஸ்ரீவைஷ்ணவர்கள் நன்கறிவர். இடைக்காலத்தில் வேறொரு மூர்த்தி அங்கே ஆராதிக்கப்பெற்று வந்தமையால், இருவருள் முன்னவர் யார் என்னும் ஐயம் எழுந்தது. கண்ணொளி இழந்த முதிய வண்ணார் ஒருவர் திருமஞ்சனத்து ஈரவாடைத் தீர்த்தத்தை ஸ்வீகரித்து, இவரே நம்பெருமாள் என அறிவித்தார் என்று பெரியோர் கூறுவர். அத்திருநாமமே இன்றளவும் வழங்குகின்றது.

இவர் யார், எவ்வூர் ஸந்நிதிக்கு உரியவர் என்னும் அதே வினா, நம் காலத்தில் மேல்நாட்டு அருங்காட்சியகங்களில் எழுந்துள்ளது. அதனை ஆஸ்திக அன்பர்கள் அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோயில் ஸ்ரீ ஸௌந்தரராஜப் பெருமாள் ஸந்நிதியைச் சேர்ந்த திருமங்கையாழ்வாரின் பஞ்சலோகத் திருமேனி, 1967-இல் இலண்டன் ஏலத்தில் விலை கூறப்பட்டு, ஆக்ஸ்போர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகத்தை அடைந்தது. வாளும் கேடயமும் ஏந்தி, எம்பெருமானையே வழிமறித்த கலியன், இங்கே தாமே களவாடப்பட்டார்! புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1957-இல் அக்கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம், 2019-இல் உண்மையை வெளிப்படுத்தியது. கோயிலில் இருப்பது பிற்காலத்தில் மாற்றி வைக்கப்பட்ட பிரதி என்று காவல்துறையினர் ஆராய்ந்து தெரிவித்தனர். 2024 மார்ச்சில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆட்சிமன்றம் திருமேனியைத் திருப்பியளிக்க இசைந்தது.

இங்கு ஒரு ஐயம் எழலாம். அத்தனை ஆண்டுகள் பிரதியின் முன் கைகூப்பிய அடியார்களின் வழிபாடு வீணோ? வீணன்று. எம்பெருமான் பாவத்தை நோக்குபவனேயன்றி உலோகத்தை நோக்குபவன் அல்லன். ஆயினும் அடியார்களின் பக்தி பழுதுபடாமை களவைக் குற்றமற்றதாக்கிவிடாது.

அருங்காட்சியகத்தாரின் வாதங்கள் இரண்டு. அங்கே பொருள் பத்திரமாக உள்ளது, உலகோர் அனைவரும் காண்கின்றனர் என்பது ஒன்று. நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கினோம் என்பது மற்றொன்று.

முதல் வாதத்திற்கு நம் ஸம்ப்ரதாயமே விடை தருகின்றது. பரத்வம், வ்யூஹம், விபவம், அந்தர்யாமித்வம், அர்ச்சை என்னும் ஐந்து நிலைகளுள், அர்ச்சையில் மட்டுமே ஸர்வஸ்வதந்த்ரனான பகவான், நீராடுதலுக்கும் அமுதுசெய்தலுக்கும் அர்ச்சகன் கையை எதிர்பார்த்திருக்கின்றான். ப்ரதிஷ்டை பெற்ற ஆழ்வார், ஆசார்யர் திருமேனிகளும் இவ்வாறே ஆராதிக்கப்படுகின்றன. கண்ணாடிப் பேழைக்குள் காவல் உண்டு, ஆராதனம் இல்லை. காண்பவர் பலர், கைங்கர்யம் செய்பவர் ஒருவரும் இல்லை.

இரண்டாம் வாதத்திற்கு இலண்டன் நீதிமன்றமே விடை கூறிற்று. தஞ்சைச் சீமைப் பத்தூர்ச் சிவாலயத்தின் நடராஜமூர்த்தி வழக்கில், அத்திருமேனியை ஒரு நிறுவனம் விலைக்கு வாங்கியிருந்தது. எனினும் கோயிலே வழக்காடும் தகுதியுடையது, அதன் உரிமையே மேலானது என்று 1988-இல் அளித்த தீர்ப்பை 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. சைவ, வைணவ ஆலயங்கள் அனைத்திற்கும் இத்தீர்ப்பு பேருதவியாகும்.

ஆயினும் பிறரைக் குறை கூறுமுன் நம் கடமையை நோக்குவோம். ஆனந்தமங்கலம் ஸ்ரீ ராஜகோபாலஸ்வாமி கோயிலினின்று 1978-இல் களவுபோன ஸ்ரீராமன், ஸீதாபிராட்டி, இளையபெருமாள் திருமேனிகள் 2020 செப்டம்பர் 15 அன்று இலண்டனில் இந்தியத் தூதரகத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டன. அங்கும் அடையாளம் காட்டியது அதே நிறுவனத்தார் 1958-இல் எடுத்த புகைப்படமே. அயல்நாட்டார் எடுத்த படம் இல்லையேல் நம் பெருமாளை நாம் எவ்வாறு மீட்டிருப்போம்? பரம்பரையாகத் திருமஞ்சனம் செய்துவரும் நாமே ஒரு குறிப்பும் எழுதி வையாதிருப்பது தகுமோ?

ஆதலின் ஒவ்வொரு கோயிலிலும் இவை செய்யத்தக்கன. உத்ஸவ மூர்த்திகளை முன்னும் பின்னும் பீடத்துடன், வஸ்திராபரணமின்றி, திருமஞ்சன ஸமயத்தில் ஸந்நிதி மரியாதைக்குக் குறைவின்றிப் படமெடுத்தல்; உயரம், எடை, கல்வெட்டு, தழும்பு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுதல்; அதன் பிரதியொன்றைக் கோயிலுக்கு வெளியே பாதுகாத்தல்.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. காவலற்ற கோயில்களின் திருமேனிகள் பாதுகாப்பு மையங்களில் வைக்கப்படுகின்றன. களவச்சம் உள்ளவரை அது தவிர்க்கவியலாதது. ஆயினும் ஸந்நிதியில் நடப்பது போன்ற நித்ய திருவாராதனமும் உத்ஸவமும் அங்கில்லை. கடல் கடந்து மீண்டவர் மற்றொரு பூட்டிய அறையில் தங்குவாராயின், மீட்சி பாதியிலேயே நின்றுவிட்டது. ஊரார் ஒன்றுகூடி வலிய கதவும் காவலும் அமைத்து, விதிப்படி ஸம்ப்ரோக்ஷணம் செய்து, மூர்த்தியைத் தம் ஸந்நிதியிலேயே எழுந்தருளப் பண்ணுவதே முழு மீட்சியாகும்.

இவ்வுத்ஸவத்தில் திருவீதி எழுந்தருளும் எம்பெருமானைச் ஸேவிக்கும்போது, அவனைக் காக்கும் பொறுப்பை அவன் நம்மிடமே ஒப்படைத்துள்ளான் என்பதை நினைவில் கொள்வோமாக.

சுபம்.