தலைதட்டி அள

எங்கள் அப்பா நெல் அளக்கிறவர். எங்கள் ஊரான மார்க்கையன்கோட்டையின் களத்துமேட்டில் அறுப்பு முடிந்ததும் மரக்காலோடு போய் உட்கார்ந்துவிடுவார். கூம்பாக அளந்தால் ஒரு கணக்கு வரும், தலைதட்டி அளந்தால் வேறொரு கணக்கு வரும். இரண்டும் ஒரே மரக்கால்தான். "வாங்கும்போது எப்படி அளந்தியோ, கொடுக்கும்போதும் அப்படியே அளக்கணும்டா" என்பார். நெல்லை விட்டுவிட்டு நான் டீசல் பட்டறைக்கு வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. அப்பா சொன்னது இங்கேதான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

இப்போது எங்கள் பள்ளத்தாக்கு முழுக்க டர்போ வண்டிகள். ஏலத்தோட்டத்துக்கு ஏறும் பிக்கப், நெல் அறுக்கும் இயந்திரம், பெரிய டிராக்டர் எல்லாவற்றிலும் டர்போ இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் லேப்டாப்போடு வருகிறார்கள். "அண்ணே, ரீமேப் போட்டேன், பதினைந்து எச்.பி. ஏறிடுச்சு" என்கிறார்கள். "எதிலிருந்து ஏறுச்சு?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறவன்தான் மெக்கானிக். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. குதிரைத்திறன் என்றால் என்ன என்று முதலில் தெரிந்துகொள்.

75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு மெட்ரிக் குதிரைத்திறன், அதாவது 735.5 வாட். ஜேம்ஸ் வாட் வகுத்த பிரிட்டிஷ் குதிரை சற்றுப் பெரியது, 745.7 வாட். ஒரு விளம்பரத்தில் மெட்ரிக் கணக்கில் 100 பி.எஸ். என்றும் இன்னொன்றில் பிரிட்டிஷ் கணக்கில் 98.6 எச்.பி. என்றும் போட்டிருந்தால் இரண்டும் ஒரே இன்ஜினாக இருக்கலாம். ட்யூனிங்குக்கு முன்னால் ஒரு அலகிலும் பின்னால் இன்னொரு அலகிலும் எழுதினால், ஸ்பேனரைத் தொடாமலே ஒன்றரைக் குதிரை வந்து சேரும். நோட்டின் முதல் பக்கத்தில் அலகை எழுதிவிடு. கடைசிப் பக்கம் வரை அதை மாற்றாதே.

2. எங்கே அளந்தாய் என்பதையும் எழுது.

இன்ஜினின் ஃப்ளைவீலில் அளந்தால் ஒரு எண் வரும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் தாண்டிப் பின்சக்கரத்தில் அளந்தால் அதைவிடக் குறைவாக வரும். டிராக்டரின் பின்னால் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் அளந்தால் அது இன்னொரு எண். மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் இருக்கும் மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிறுவனத்தில் டிராக்டரின் பி.டி.ஓ. திறனைத் தனியாக அளந்து அறிக்கை தருகிறார்கள். பானெட்டில் எழுதியிருக்கும் இன்ஜின் எண்ணை விட அது குறைவாகவே இருக்கும். கம்பெனி அட்டையில் இருக்கும் ஃப்ளைவீல் எண்ணை முன்னாலும், நீ டைனோவில், அதாவது பலம் அளக்கும் இயந்திரத்தில், எடுத்த சக்கர எண்ணைப் பின்னாலும் வைத்துக் கழிக்காதே. அது கூம்பில் வாங்கித் தலைதட்டிக் கொடுக்கிற வேலை.

3. நோயை முதலில் தீர், அளவை அப்புறம் எடு.

ஒரு தோட்டக்காரரின் பிக்கப் வந்தது. இழுவை இல்லை என்றார். நான் டீசலைக் கூட்டி, டர்போ அழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தேன். வண்டி பறந்தது. பெருமையாகக் கூலி வாங்கினேன். வேலையோடு வேலையாக, இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கத்தில் விரல்நீள வெடிப்பைப் பார்த்து அதையும் மாற்றியிருந்தேன். வண்டிக்குத் திரும்பி வந்த பலத்தில் ஒரு பங்கு அந்த ஹோஸால் வந்தது. எவ்வளவு என்று சொல்ல என்னிடம் எண் இல்லை. அடுத்த மாதம் போடிமெட்டு ஏற்றத்தில் சுமையோடு போகும்போது பிஸ்டன் ஓட்டையானது. அது நான் கூட்டிய டீசலால் வந்தது. செலவை நான்தான் ஏற்றுக்கொண்டேன்.

ஏர் ஃபில்டர், ஹோஸ், கிளாம்ப், நாசில், வால்வு இடைவெளி, பிரேக் பிடித்திருக்கிறதா, டயரில் காற்று சரியா என்று எல்லாவற்றையும் கம்பெனி சொன்ன நிலைக்குக் கொண்டுவா. அதற்குப் பிறகு எடுக்கிற அளவுதான் 'முன்' அளவு. நோயாளியைக் குணமாக்கிவிட்டு, பயில்வானாக்கிவிட்டேன் என்று சொல்லக் கூடாது.

4. பிரேக் போட்டு அளக்கப் பழகு.

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆய்வுக்கூடத்தில் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜினில் கயிற்றுப் பிரேக் சோதனை செய்திருப்பாய். டிரம்மைச் சுற்றிக் கயிறு, ஒரு முனையில் எடைக்கல், மறுமுனையில் ஸ்பிரிங் தராசு. டிரம்முக்குள் தண்ணீர் ஊற்ற மறந்தால் கயிறு கருகும் வாசனை கூடம் முழுக்க வரும். மதிப்பெண்ணுக்காகச் செய்துவிட்டு மறந்துவிடாதே, டைனோமீட்டர் என்பது அதேதான். பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் புரோனி 1821-இல் செய்த பிரேக்கும் அதேதான். லட்சக்கணக்கில் விலை போகும் இன்றைய எடி கரன்ட் டைனோவில் கயிறு இருந்த இடத்தில் காந்தம் இருக்கிறது.

கணக்கும் எளிது. முறுக்குவிசையைக் கிலோகிராம்-மீட்டரில் எடுத்துக்கொள், சுற்று வேகத்தால் பெருக்கு, 716-ஆல் வகு. பி.டி.ஓ. தண்டு 540 சுற்றில் ஓடுகிறது, ஒரு மீட்டர் நீளக் கை தராசில் 60 கிலோ காட்டுகிறது என்றால் 45 குதிரை. இதை மனக்கணக்காகப் போட வந்துவிட்டால், திரையில் வரும் எந்த வரைகோடும் உன்னை ஏமாற்ற முடியாது.

5. ஒரு தடவை அளந்ததை அளவு என்று சொல்லாதே.

முன்னால் மூன்று தடவை ஓட்டு, பின்னால் மூன்று தடவை ஓட்டு. முன் அளவுகள் 62, 64, 63 என்று வந்தால், வண்டியில் ஒன்றும் மாற்றாதபோதே இரண்டு குதிரை ஆடுகிறது என்று அர்த்தம். பின்னால் 64 வந்தால் நீ ஒன்றும் கூட்டவில்லை. 70, 71, 70 வந்தால் தைரியமாக ஏழு என்று சொல். ஆறு அளவில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து வாடிக்கையாளரிடம் காட்டுகிறவன் வியாபாரம் செய்யலாம், அளக்கக் கூடாது.

6. காலையையும் மத்தியானத்தையும் ஒப்பிடாதே.

பத்து டிகிரி சூடு கூடினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ மூன்று சதவீதம் குறைகிறது. சித்திரை வெயிலில் மத்தியானம் 'முன்' அளவை எடுத்துவிட்டு, மறுநாள் விடிகாலையில் 'பின்' அளவை எடுத்தால் அந்தக் குளிர்ச்சியும் உன் கணக்கில் விழுந்துவிடும். இன்ஜினின் சூடும் இதே மாதிரிதான். முதல் ஓட்டத்தில் இன்டர்கூலர் குளிர்ந்திருக்கும், மூன்றாவதில் கொதிக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் தண்ணீர் வெப்பம், உள்ளே போகும் காற்றின் வெப்பம் இரண்டையும் குறித்துக்கொள். முன்பக்க மின்விசிறியை ஒரே இடத்தில் வை.

டைனோ கடைகளில் திருத்தக் காரணி என்று ஒன்று போடுவார்கள். 25 டிகிரி வெப்பம், 99 கிலோபாஸ்கல் காற்றழுத்தம் என்ற பொது நிலைக்கு எண்ணை மாற்றுவதற்கு அது. டர்போ இல்லாத இன்ஜினுக்கு உரிய காரணியை டர்போ இன்ஜினுக்குப் போட்டால் பொய்க் குதிரை பிறக்கும். வெளிக்காற்று மெலிந்தால் டர்போ தானே கூடுதலாகச் சுழன்று ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. அதற்கு மேல் நாமும் காகிதத்தில் ஈடுகட்டினால் இரட்டை வரவு. திருத்தாத எண்ணையும் சேர்த்துக் கேட்டு வாங்கு.

7. உயரம் என்ன செய்யும் என்பதை நம் மலையில் படி.

போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றம். டர்போ இல்லாத பழைய ஜீப் மேலே போய்ச் சேரும்போது பத்தில் ஒரு பங்கு பலத்தை இழந்திருக்கும். டர்போ வண்டி அவ்வளவு இழக்காது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905-இல் டர்போவுக்குக் காப்புரிமை வாங்கினார். வீணாக வெளியேறும் புகையைக் கொண்டே காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் அந்த யோசனைதான் இன்று நம் ஏலக்காயை மலையிலிருந்து இறக்குகிறது.

வட அமெரிக்க மலைகளில் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகளிலும் இதே கதைதான். 2020-இல் ஸ்கி-டூ கம்பெனி, தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்திய டூ-ஸ்ட்ரோக் பனிவண்டியைக் கொண்டுவந்தது. 8,000 அடி, அதாவது 2,400 மீட்டர் வரைக்கும் 165 குதிரையும் குறையாது என்பதுதான் அதன் பெருமை. கூட்டிக் கொடுப்பது வேறு, குறையாமல் காப்பது வேறு. அங்கேயும் அடிவாரத்தில் எடுத்த எண்ணையும் உச்சியில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்தால் கணக்கு கெட்டுப்போகும். எந்த உயரத்தில் அளந்தாய் என்பது எண்ணோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.

8. டைனோ இல்லையென்றால் ஏற்றமே தராசு.

டைனோவுக்குக் கோயம்புத்தூர் வரை போக எல்லோராலும் முடியாது. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். எதிரே வண்டி வராத தோட்டத்துச் சொந்தப் பாதையில், ஒரே சரிவாகப் போகும் ஏற்றத்தைத் தேர்ந்தெடு. பொதுச்சாலையில் இதைச் செய்யவே செய்யாதே. இரண்டு கல் நட்டு, இடையில் உயர வித்தியாசத்தைத் தண்ணீர்க் குழாய் மட்டம் வைத்து அளந்துகொள். வண்டியைச் சுமையோடு எடைமேடையில் நிறுத்திச் சீட்டு வாங்கு. ஒரே கியரில், முழு மிதியில், வேகம் நிலைத்த பிறகு முதல் கல்லைத் தாண்ட வேண்டும். அங்கிருந்து இரண்டாவது கல் வரை ஆகும் நேரத்தை ஸ்டாப்வாட்ச்சில் எடு.

3,000 கிலோ வண்டி 30 மீட்டர் உயரத்தை 20 விநாடியில் ஏறினால், 3,000-ஐ முப்பதால் பெருக்கி, இருபதால் வகுத்து, 75-ஆல் வகு. ஏற்றத்துக்கு மட்டும் 60 குதிரை. டயர் உருளவும் காற்றைக் கிழிக்கவும் போனது தனி. இதே ஓட்டத்தை உன் கட்டைவிரல் ஒரு விநாடி முந்தி நிறுத்தியிருந்தால் 63 என்று காட்டும். விரல் வழுக்கியதில் மூன்று குதிரை! அதனால்தான் இந்த முறையில் மட்டும் மூன்றுக்குப் பதில் ஐந்து தடவை ஓட்டச் சொல்கிறேன். ஆடிக்காற்று அடிக்கிற நாட்களில் இந்த வேலையே வேண்டாம். பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்று வண்டியை முதுகில் தள்ளும், இல்லை மார்பில் பிடிக்கும்.

9. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

சைலன்சர், ஃபில்டர், ரீமேப் மூன்றையும் ஒரே நாளில் மாற்றி எட்டுக் குதிரை வந்தால், எது எத்தனை கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றை மாற்று, அளந்து எழுது, பிறகு அடுத்தது. கடைசியில் எல்லாவற்றையும் பழையபடி மாட்டி ஒரு தடவை அளந்து பார். பழைய எண் திரும்பி வந்தால்தான் இடையில் எடுத்ததெல்லாம் நம்பத் தகுந்தது.

10. கூடிய பலத்துக்கு என்ன விலை என்றும் அள.

நல்ல டீசல் இன்ஜின் ஒரு குதிரையை ஒரு மணி நேரம் ஓட்ட ஏறத்தாழ 160 முதல் 190 கிராம் டீசல் கேட்கும். டீசல் இருபது சதவீதம் கூடி, பலம் ஐந்து சதவீதம் கூடினால் மிச்சம் எங்கே? கறுப்புப் புகையாக நாற்று வயலின் மேல் போகிறது. புகைப்போக்கி வெப்பமானியை டர்போவுக்கு முன்னால் பொருத்து. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், பிஸ்டனின் உலோகக் கலவை அதற்கும் முன்பே இளகத் தொடங்கும். டைனோவில் பத்து விநாடி தாங்கிய வெப்பத்தை, தொளி உழவில் கேஜ் வீல் மாட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் முக்குகிற டிராக்டர் தாங்காது. எங்கள் ஊர் நஞ்சையில் வேலை செய்யும் இன்ஜினுக்கு உச்ச எண்ணை விட, அந்த எண்ணில் எத்தனை நேரம் நிற்கும் என்பதுதான் பெரிது.

11. சட்டத்தை மறைத்து வேலை வாங்காதே.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறிப்பிட்ட நிலையை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ வண்டிக்காரருக்கு வரும். வாரன்டியும் போகும். வேகம் கூட்டிப் பார்க்க ஆசையிருந்தால் செட்டிபாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் போன்ற இடங்களில் ஓடும் பந்தய வண்டிகளிடம் போய் வேலை பழகு. சாலையில் ஓடும் வண்டிக்கு, இழந்த பலத்தை மீட்டுக் கொடுப்பதே கௌரவமான வேலை. அதையும் அளந்துதான் காட்ட வேண்டும்.

12. நோட்டு வை.

தேதி, நேரம், வெப்பம், எடை, டயர் காற்று, கியர், முன் மூன்று, பின் மூன்று. ஒரு வண்டிக்கு ஒரு பக்கம் போதும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். முல்லைப்பெரியாற்றங்கரையில் பிறந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் பழைய நோட்டில் அந்தத் தோட்டக்காரர் பிக்கப்புக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. 'பின்' என்ற கட்டத்தில் 68 என்று அழுத்தி எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறேன். 'முன்' என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. ஹோஸ் கொடுத்தது எத்தனை, நான் கொடுத்தது எத்தனை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. தம்பி, உன் நோட்டில் அப்படி ஒரு பக்கம் இருக்க வேண்டாம். நாளைக்கு வரும் முதல் வண்டியின் நோயைத் தீர்த்த கையோடு, எதையும் கூட்டுவதற்கு முன்னால் அந்தக் கட்டத்தை நிரப்பு.