ஏரிக்கரை மாளிகை

இங்கிலாந்தில் விண்டர்மியர் ஏரிக்கரையில் ரே கோட்டை என்னும் கல் மாளிகை நிற்கிறது. கோபுரங்களும் கூர்முனை வளைவுகளும் கொண்ட அது பழங்கோட்டை போலத் தோன்றினும், போர் எதையும் கண்டதில்லை. பழைய கோதிக் கலைப்பாணி மீண்டும் தழைத்த காலத்தில், 1840ஆம் ஆண்டில், ஜேம்ஸ் டாசன் என்னும் மருத்துவருக்காகக் கட்டப்பட்ட இல்லமே அது.

1882ஆம் ஆண்டுக் கோடையில், பீட்ரிக்ஸ் பாட்டர் தம் பதினாறாம் வயதில் குடும்பத்துடன் அங்கு வந்து தங்கினார். ஏரியும் மலைகளும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. பின்னாளில் முயல் பீட்டரின் கதையை எழுதிப் புகழ்பெற்ற அவர், ஈட்டிய பொருளைக் கொண்டு அப்பகுதியில் பண்ணைகளை வாங்கினார். 1943இல் மறைந்தபோது, 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை, இயற்கையையும் பழங்கட்டடங்களையும் காக்கும் தேசிய அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றார். விருந்தினராக வந்த சிறுமி அந்நிலத்தின் காவலரானார்.

வினா: பீட்ரிக்ஸ் பாட்டர் தாம் விரும்பிய நிலத்தை எவ்வாறு காத்தார்?