வலியாரோடு ஆடுதல்

திருக்குறளின் 48ஆம் அதிகாரம் ‘வலியறிதல்’ எனப் பெயர் பெறும். மாற்றான் வலியை அறியுமாறு பணித்த வள்ளுவர், அதனைக் கண்டு அஞ்சுமாறு பணித்தாரல்லர். இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்தச் சதுரங்கப் பலகையினும் சிறந்த கரும்பலகை வேறில்லை.

1962ஆம் ஆண்டு சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில், உலகப் பட்டத்துக்கான தகுதிகாண் சுற்றுப்போட்டி ஒன்று நடைபெற்றது. ஆடினோர் 23 பேர். ஒவ்வொருவருக்கும் 22 ஆட்டங்கள். அமெரிக்கரான பொபி பிஷர் 17½ புள்ளிகளுடன் முதலிடம் பெற்றார். 1935இல் பர்மாவிற் பிறந்து தமிழகத்தில் வளர்ந்த மனுவேல் ஆரோனும் அங்கு ஆடினார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார் அவர். இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்டரான ஆனந்த் அப்பட்டம் பெற்றதோ 1988இல். ஆரோன் பல ஆட்டங்களில் தோற்றுப் பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே நின்றார். ஆயினும், ஹங்கேரியின் போர்ட்டிஷ், கிழக்கு ஜெர்மனியின் ஊல்மன் என்னும் கிராண்ட்மாஸ்டர் இருவரை வென்றார்.

இதனை வெறும் நற்பேறு என்று தள்ளிவிடலாகாது. பேராசிரியர் எலோ வகுத்து, 1970இல் உலகச் சதுரங்கச் சம்மேளனம் ஏற்றுக்கொண்ட தரக்கணக்கை நோக்குக. இருவர் தரத்தில் 200 புள்ளி வேறுபாடிருப்பின், 100 ஆட்டங்களில் எளியவர் பெறத்தக்கது ஏறத்தாழ 24 புள்ளி. 400 வேறுபாடிருப்பின் ஏறத்தாழ 9. ஒன்பது சிறிது, ஆயினும் அது பூச்சியமன்று.

அந்த ஒன்பதைப் பூச்சியமாக்குபவன் பெரும்பாலும் ஆடுபவனே. எதிரியின் பாடசாலைப் பெயரைக் கேட்ட மாத்திரத்தே உள்ளத்தால் தோற்றுவிடும் மலையகப் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். சமநிலை கிடைத்தாற் போதுமென்று அவர்கள் காய்களை வெட்டிக் குறைப்பர். காய்கள் குறைந்த இறுதிக் கட்டத்திலேதான் வல்லவனின் பயிற்சி மிகுதியும் வெளிப்படும் என்பதை அறியார். விரைந்தாடி, நேரம் மிச்சமிருக்கவே தோற்று எழுவர்.

ஆதலின் மாணவரே, மூன்றைக் கைக்கொள்ளுங்கள். காயைத் தொடுமுன் எதிரி எங்கே அரசனைத் தாக்குவான், எதனை வெட்டுவான் என்று பாருங்கள். உமக்குரிய நேரம் முழுவதையும் பயன்படுத்துங்கள். தோற்றபின் வென்றவனிடமே சென்று, எங்கே பிழைத்தேன் என்று கேளுங்கள்.

நம் தெமோதரையில் புகைவண்டி செங்குத்தான சரிவிலே நேராக இறங்குவதில்லை. குன்றைச் சுற்றிவந்து, தான் நின்ற நிலையத்தின் கீழேயே சுரங்கவழியாற் செல்கிறது. மலையின் வலியை அறிந்தே அப்பாதை அமைந்தது. மலைக்கு அஞ்சியிருந்தால் அது அமைந்தேயிராது.