செய்ததெல்லாம் சொல்ல வேண்டுமா?

நம்பிக்கை: பார்த்த வேலை அத்தனையையும் ரெஸ்யூமில் எழுதினால்தான் அனுபவம் தெரியும்.

உண்மை: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கும் பொறியாளர் ஒருவர் தன் ரெஸ்யூமைப் பார்த்துத் தரச் சொன்னார். ஐந்து பக்கம். இன்ஸ்பெக்‌ஷன், ஆடிட், ஸ்டோர்ஸ் பொறுப்பு, கான்ட்ராக்ட் ஆட்களின் வருகைப் பதிவு, கேன்டீன் கமிட்டி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அவர் போக ஆசைப்பட்டது சப்ளையர் குவாலிட்டி வேலைக்கு. வந்த அழைப்புகளோ பெரும்பாலும் ஸ்டோர்ஸ் வேலைக்கு.

இதில் வியப்பு ஒன்றுமில்லை. நௌக்ரி போன்ற வேலைவாய்ப்புத் தளங்களில் எச்.ஆர். ஆட்கள் ஒவ்வொரு ரெஸ்யூமையும் திறந்து படிப்பதில்லை. வேண்டிய சொல்லைக் கொடுத்துத் தேடுகிறார்கள். அனுபவ ஆண்டு, ஊர், சம்பளம், நோட்டீஸ் பீரியட் என்று சலித்து எடுக்கிறார்கள். ‘ஸ்டோர்ஸ்’ என்று நாலு இடத்தில் எழுதியவர் ஸ்டோர்ஸுக்கு ஆள் தேடுகிறவர் கண்ணில் படுகிறார். எழுதிய வேலைக்குத்தான் அழைப்பு வரும், மனதில் வைத்திருக்கும் வேலைக்கு வராது.

அந்த ரெஸ்யூமின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி கிடந்தது. வார்ப்படம் அனுப்பும் சிறு ஃபவுண்டரி ஒன்றுக்கு வாராவாரம் போய், ‘ப்ளோ ஹோல்’ எனும் காற்றுத் துளை எங்கே விழுகிறது என்று கூடவே நின்று பார்த்து, அச்சு மண்ணின் ஈரப்பதத்தைச் சரிசெய்ய வைத்திருக்கிறார். திருப்பி அனுப்பும் உருப்படிகள் குறைந்திருக்கின்றன. சப்ளையர் குவாலிட்டி என்பதே இந்த வேலைதானே! அந்த வரியை முதல் பக்கத்தின் தலைக்குக் கொண்டுவந்தோம். எத்தனை மாதத்தில் எவ்வளவு குறைந்தது என்ற கணக்கையும் சேர்த்தோம். ஸ்டோர்ஸ் ஒரு வரியில் அடங்கியது, கேன்டீன் கமிட்டி போனது. தந்தை பெயர், மதம், திருமண விவரம், பாஸ்போர்ட் எண், கடைசியில் இடமும் தேதியும் போட்டு ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை’ என்று கையெழுத்திடும் பழைய பயோடேட்டா வழக்கம், எல்லாவற்றையும் எடுத்தோம். முகம் தெரியாத கன்சல்டன்சிக்கெல்லாம் பாஸ்போர்ட் எண்ணை அனுப்புவது ஆபத்தும்கூட.

அமெரிக்க வேலைவாய்ப்புத் தளமான லேடர்ஸ், ஆள் எடுப்பவர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தது. ஒரு ரெஸ்யூமுக்குக் கிடைத்த முதல் பார்வை சராசரியாக 7.4 விநாடி என்று 2018-ல் அறிவித்தது. அந்த நேரத்துக்குள் கேன்டீன் கமிட்டிக்கு இடமில்லை.

இப்படித் தேர்ந்து சொல்வதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1482 வாக்கில் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ட்சாவிடம் வேலை கேட்டு லியனார்டோ டா வின்சி எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. எடுத்துச் செல்லக்கூடிய பாலங்கள், பீரங்கிகள், அகழியை வற்றவைக்கும் வழி என்று வரிசையாக எண்ணிட்டுப் போர்த் தொழில்களாக அடுக்குகிறார். ஓவியம் வருவது கடைசியில், சமாதான காலத்தில் செய்யக்கூடியவற்றோடு. அதுவரை அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஓவியம்தான். ஆனால் அன்று மிலானுக்கும் வெனிஸுக்கும் போர். படிப்பவருக்கு எது அவசரம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் உங்கள் தோட்டத்திலேயே செய்து காட்டுகிறேன் என்றும் முடிவில் சேர்த்திருக்கிறார். எனக்கு அந்தக் கடிதத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். முன்னால் வைத்த எதையும் மெய்ப்பிக்கத் தயாராக இருப்பவருக்கே இப்படித் தேர்ந்து சொல்லும் உரிமை உண்டு.

நம்பிக்கை: 75 சதவீத ரெஸ்யூம்களை மனிதர் பார்ப்பதற்கு முன்பே மென்பொருள் தள்ளிவிடுகிறது.

உண்மை: இந்த எண்ணுக்குப் பின்னால் வெளியான ஆய்வு எதுவும் கிடையாது. மென்பொருளின் வேலை பெரும்பாலும் சேமிப்பது, வரிசைப்படுத்துவது, தேடித் தருவது. தானாக நிராகரிப்பு நடப்பது ‘இத்தனை ஆண்டு அனுபவம் உண்டா’ என்பது போன்ற கட்டாயக் கேள்விகளில். இந்தப் பயத்தில், வேலை விளம்பரத்தை அப்படியே ரெஸ்யூமில் வெள்ளை எழுத்தில் ஒட்டிவைக்கச் சிலர் சொல்லித்தருகிறார்கள். மென்பொருள் எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது நிறம் போய்விடும், ஒட்டியது மட்டும் திரையில் தெரியும். பிறகு அப்படிச் செய்தவரின் பெயர் அந்த நிறுவனத்தில் எடுபடாது.

நம்பிக்கை: ஒன்றைச் சொல்லாமல் விடுவதும் பொய் சொல்வதும் ஒன்றே.

உண்மை: இல்லை. இந்தக் குழப்பத்தால் நேர்மையானவர்கள் கூசிப்போய்த் தங்கள் நல்ல வேலையைக்கூட எழுதாமல் விடுகிறார்கள். மற்றவர்கள் ‘எல்லாரும் செய்வதுதானே’ என்று இல்லாததை எழுதுகிறார்கள். இரண்டையும் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ரெஸ்யூம் நாமாக எழுதுவது. எதை முன்னால் வைப்பது, எதை விடுவது என்பது நம் விருப்பம். ஆஃபருக்கு முன்னும் பின்னும் நிரப்பச் சொல்லும் படிவம் அப்படி அல்ல. வேலை பார்த்த நிறுவனங்கள் எல்லாம் என்று அது கேட்டால் எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும், நான்கே மாதத்தில் விட்ட வேலை உட்பட. பி.எஃப். கணக்குக்கு 2014-ல், நிறுவனம் மாறினாலும் மாறாத யுஏஎன் எண் வந்த பிறகு, எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தோம், எப்போது விலகினோம் என்பது ஒரே பக்கத்தில் கிடைக்கிறது. பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் பல நிறுவனங்கள் முதலில் கேட்பதே அந்தப் பக்கத்தைத்தான். இரண்டு மாத இடைவெளியை மறைக்கத் தேதியை நீட்டியவர்களின் ஆஃபர் ரத்தாவது அங்கேதான். இடைவெளியை ‘அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை’ என்று ஒரு வரியில் சொல்லியிருந்தால் பெரும்பாலும் யாரும் அடுத்த கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டைத் தொட்டது. அது அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் குற்ற வழக்கை மறைத்தது பற்றிய வழக்கு. படிவத்தின் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும், குறிப்பாகக் கேட்டதைச் சொல்லாமல் விட்டால்தான் மறைப்பு என்று நீதிமன்றம் கூறியது. கேட்டதற்குப் பொய்ப் பதில் சொன்னால் வேலையே போகலாம் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு.

இல்லாததைச் சேர்ப்பது உச்சியில் இருப்பவரையும் விடாது. யாஹூவின் தலைமை நிர்வாகியாக 2012 ஜனவரியில் வந்த ஸ்காட் தாம்ப்சன் பெற்றிருந்தது கணக்கியல் பட்டம். நிறுவனம் வெளியிட்ட குறிப்பில் கணினி அறிவியலும் சேர்ந்திருந்தது. மே மாதத்தில் பதவி போயிற்று. அவருக்கு அந்தப் பட்டம் தேவையே இருக்கவில்லை. பேபாலின் தலைவராக இருந்தவர் அவர்.

நம்பிக்கை: நெருங்கிய ஆள் சிபாரிசு இருந்தால் போதும், ப்ரொஃபைல் எப்படி இருந்தால் என்ன.

உண்மை: லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை ஐந்தாண்டுகள் கவனித்த ஆய்வு 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. வேலை மாற அதிகம் உதவியவர்கள் நெருங்கிய நண்பர்கள் அல்ல, ஓரளவே பழக்கமுள்ளவர்கள். சித்தப்பா மகனுக்கு நம் திறமை தெரியும், ஆனால் அவருக்குத் தெரிந்த வேலைகள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவையே. பழைய கம்பெனியில் அடுத்த டீமில் இருந்தவருக்குப் புது இடங்கள் தெரியும், நம்மைத்தான் சரியாகத் தெரியாது. ‘எங்கள் டீமுக்கு ஆள் வேண்டும்’ என்ற பேச்சு வரும்போது அவர் நினைவில் இருப்பது லிங்க்ட்இன்னில் நம் பெயருக்குக் கீழே உள்ள ஒற்றைத் தலைப்பு வரி. அங்கே ‘சீனியர் இன்ஜினியர்’ என்று மட்டும் இருந்தால் அவரால் நம்மை எதற்கும் பரிந்துரைக்க முடியாது. ‘வார்ப்படச் சப்ளையர்களின் தரம் பார்ப்பவர்’ என்றிருந்தால் அவருக்கே பொறி தட்டும்.

நம்பிக்கை: லிங்க்ட்இன் படத்தைச் சுற்றி, வேலை தேடுவதைக் காட்டும் பச்சை வளையம் போட்டால் வேலை இல்லாதவர் என்று மட்டமாக நினைப்பார்கள்.

உண்மை: சிலர் நினைக்கலாம். வளையம் இல்லாமல், ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கும் வசதியும் அதே இடத்தில் இருக்கிறது. இப்போது வேலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம் நிறுவனத்து எச்.ஆருக்குத் தெரியாமல் இருக்க முயல்வதாகச் சொல்லும் லிங்க்ட்இன், அதற்கு முழு உத்தரவாதம் தருவதில்லை. மேனேஜரிடம் இன்னும் பேசாதவர்கள் அந்த வசதியைத் தொடாமல் தலைப்பு வரியை மட்டும் திருத்துவது நல்லது.