மண்சரிவுக்குப் பின் மனம்: கண் அசைவுச் சிகிச்சையும் வழிபாடும்

பேரழிவு ஒன்றில் உயிர் தப்பியவரின் மனத்தில் அந்நிகழ்வு, நடந்து முடிந்த ஒன்றாக ஒதுங்கிவிடாமல், இப்போதுதான் நடக்கிறது என்பதுபோல் காட்சியாகவும் ஓசையாகவும் உடல் நடுக்கமாகவும் திரும்பத் திரும்ப எழும் நிலையை இலங்கையின் தமிழ் உளநூல்கள் மனவடு என்று குறிக்கின்றன. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் அதற்கு மலையே காரணமாவதுண்டு. கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து, லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளை மூடியதில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்து மலைக்கு ஏறியிருந்த தொழிலாளரும் பாடசாலைக்குப் புறப்பட்டிருந்த பிள்ளைகளும் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடும் இல்லை, வீட்டில் விட்டுச் சென்றவர்களும் இல்லை. பூனாகலையில் 2023 மார்ச் 19 அன்று கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் சேதமடைந்து, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தின் பல மலைச்சரிவுகளை ஒரே சமயத்தில் உடைத்தது.

இத்தகைய அழிவுகளுக்குப் பின் பேசப்படும் சிகிச்சைகளுள் ஒன்று, ஈ.எம்.டி.ஆர். எனச் சுருக்கமாக வழங்கும் கண் அசைவுச் சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாபிரோ 1987இல் இதன் முதல் எண்ணத்தைப் பெற்று, 1989இல் 22 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார். 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் வெளிநாட்டுத் தன்னார்வப் பயிற்சியாளர்கள் இலங்கை உளவளத்துணையாளர்களுக்கு இதைக் கற்பித்தனர். உலக சுகாதார அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டலில், மனவடு நோய் உறுதியான பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் பரிந்துரைத்த உளச்சிகிச்சைகளுள் இதுவும் இடம்பெற்றது. இவ்வளவு இருந்தும், இதனைச் சிலர் மாயவித்தை என்று அஞ்சுகின்றனர். வேறு சிலர் ஆன்மிக சக்தி என்று கொண்டாடுகின்றனர். இரு சாராரின் நம்பிக்கைகளுமே துன்பப்படுவோரை உரிய உதவியிலிருந்து விலக்கிவிடுகின்றன.

நம்பிக்கை: கண்ணை ஆட்டி மயக்கி, நினைவை அழித்துவிடுவார்கள்

இச்சிகிச்சையில் மயக்கம் என்பதே இல்லை. சிகிச்சையாளர் நேருக்கு நேர் அமராமல் சற்றே பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இரு விரல்களைச் சேர்த்து நோயாளியின் முகத்துக்கு முன் இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் சீராக அசைக்கிறார். தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் அவ்விரல்களைத் தொடரும் நோயாளி, அதே வேளையில் தம்மை வருத்தும் காட்சியின் மிகக் கொடிய கணத்தை மனத்தில் நிறுத்திக்கொள்கிறார். ஏறத்தாழ 24 அசைவுகள் முடிந்ததும் கை நிற்கிறது. மூச்சை இழுத்து விடச் சொல்லிவிட்டு, "இப்ப என்ன வருது?" என்று மட்டும் சிகிச்சையாளர் கேட்கிறார். வந்தது எதுவானாலும், அது சேற்றின் வாடையோ தொண்டை அடைப்போ மறந்துபோன ஒரு முகமோ, அதிலிருந்தே அடுத்த சுற்று தொடங்கும். தாங்க முடியாதபோது நோயாளி கையை உயர்த்தினால் உடனே நிறுத்தப்படும். அந்த ஒப்பந்தம் முதலிலேயே செய்யப்பட்டிருக்கும்.

விரல் அசைவு என்பது எட்டுக் கட்டங்கள் கொண்ட சிகிச்சையின் நடுப்பகுதி மட்டுமே. வரலாறு கேட்டறிதலும், கலக்கம் மிகும்போது தம்மை நிலைப்படுத்திக்கொள்ளப் பயிற்றுவித்தலும் அதற்கு முன்னர் நடைபெற வேண்டும். துன்பத்தின் அளவை 0 முதல் 10 வரையான எண்ணால் நோயாளியே சொல்கிறார். அந்நிகழ்வு தம்மைப் பற்றி அவருள் பதித்துவிட்ட எண்ணமும், அதன் இடத்தில் அவர் நம்ப விரும்பும் எண்ணமும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. நடந்ததை ஒன்றுவிடாமல் விவரிக்குமாறு வற்புறுத்தாமை இம்முறையின் சிறப்பு. வாயெடுத்துச் சொல்ல முடியாத துயரம் உடையோருக்கு அது பெரிய ஆறுதல்.

நினைவு அழிவதில்லை; அதன் கூர்மை மழுங்குகிறது. இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களுள் வலுவானது பணிநினைவு பற்றியது. ஒரு நேரத்தில் கையாளும் செய்திகளை மட்டும் வைத்திருக்கும் மனத்தின் சிறிய இடமே பணிநினைவு. கொடிய காட்சியும் விரலைத் தொடரும் வேலையும் அச்சிறிய இடத்துக்குப் போட்டியிடும்போது காட்சி முழு வலுவோடு எழ இயலாமல் மங்கி, மங்கிய நிலையிலேயே மீண்டும் சேமிக்கப்படுகிறது என்பது அக்கருத்து. ஆகவே விரலில் எந்தச் சக்தியும் இல்லை. ஓசை கேட்டலும் கையில் மாறி மாறித் தட்டுதலும்கூட இச்சிகிச்சையில் பயன்படுகின்றன. கண் அசைவு உண்மையில் கூடுதல் பயன் தருகிறதா என்பதிலும் ஆய்வுலகம் ஒரே குரலில் பேசவில்லை: 2001இல் வெளியான தொகுப்பாய்வு அத்தகைய பயன் தெளிவாக இல்லை என்றது, 2013இல் வெளியான மற்றொன்று பயன் உண்டு என்றது. சிகிச்சை ஒட்டுமொத்தமாகப் பயன் தருகிறது என்பதற்குச் சான்று வலுவானது. எந்தப் பகுதி அந்தப் பயனைத் தருகிறது என்பது இன்னும் விவாதத்துக்குரியது.

நம்பிக்கை: இது நம் முன்னோரின் திராடகமே

ஹட யோக நூல்கள் ஆறு தூய்மைச் செயல்களுள் ஒன்றாகச் சொல்லும் திராடகம், சுடர் போன்ற ஒரு சிறு பொருளை இமைக்காமல், கண்ணீர் வரும்வரை உற்று நோக்கும் பயிற்சியாகும். அங்கே கண் அசையக் கூடாது, மனமும் ஒன்றிலேயே நிலைக்க வேண்டும். இங்கோ கண் அசைந்தபடி இருக்க, மனம் ஒரே சமயத்தில் இரண்டைத் தாங்க வேண்டும். செபமாலை உருட்டுதலும் நாமம் சொல்லுதலும் மனத்தைத் துயரக் காட்சியிலிருந்து வேறிடத்துக்கு நகர்த்துகின்றன; சிகிச்சை அக்காட்சியையே எதிரே வைத்து, அதன் பிடியைத் தளர்த்துகிறது. திராடகத்துக்குப் பெருமை சேர்க்க வேண்டுமாயின் அதை அதுவாகவே மதிப்பதே முறை.

நம்பிக்கை: சாமி குத்தத்தால் வந்தது, கோயிலோடு தீரும், சிகிச்சைக்குப் போவது தெய்வத்தை நம்பாமை

தோட்டங்களில் ஆழமாக வேரோடியிருப்பதும் நிதானமாக ஆராய வேண்டியதும் இதுவே. மாரியம்மன் திருவிழாவும் முனியாண்டிக்குப் பொங்கலும் காமன் கூத்தும் மலையகத்தில் வெறும் சடங்குகளாக நின்றவையல்ல. நிலமும் வீடும் சொந்தமாக இல்லாத மக்கள், தாம் ஒரு சமூகம் என்பதைத் தமக்கே உறுதிப்படுத்திக்கொள்ளும் இடங்களாக அவை தலைமுறை தலைமுறையாக இருந்துவந்துள்ளன. இரவில் திடுக்கிட்டு எழுவதையும் பேச்சற்றுப் போவதையும் "பயந்த கோளாறு", "காத்து கருப்பு" என்று பெயரிட்டு, திருநீறு போட்டு மந்திரித்துக் கயிறு கட்டும்போது, துன்பப்படுபவர் பைத்தியம் என்று ஒதுக்கப்படாமல் உறவினர் சூழ அமர்த்தப்படுகிறார். அந்த அரவணைப்பை எந்தச் சிகிச்சை அறையாலும் தந்துவிட முடியாது.

ஒப்பாரியையும் இவ்வாறே நோக்க வேண்டும். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி அமர்ந்து, மாண்டவரின் பெயரையும் உறவையும் அவர் பட்ட பாட்டையும் வரிசைப்படுத்தி அழும்போது, சிதறிக் கிடக்கும் துயர நினைவு பலர் கேட்கும் கதையாகிறது. மீரியபெத்தையில் பல குடும்பங்களுக்கு இழவு வீட்டின் நடுவே கிடத்துவதற்கு உடலே கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதபோது தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து கிரியை நடத்தும் வழக்கம் இந்து மரபில் உண்டு. இறந்தார், இல்லை என்று முடிவு செய்ய இயலாமல் ஆண்டுக்கணக்கில் தொங்கி நிற்கும் துயரத்தை முடித்துவைக்க அத்தகைய கிரியைக்கு இருக்கும் வலிமை பெரிது. விரல் அசைவால் ஈடுசெய்ய முடியாத இடம் இது என்று சிகிச்சையாளர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், பேரழிவு தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே காயப்படுத்துவதால், பண்பாட்டுச் சடங்குகளும் குணப்படுத்தலின் பகுதி என்று தொடர்ந்து வலியுறுத்தியுள்ளார்.

எனினும் "சாமி குத்தம்" என்ற விளக்கம் ஓர் இடத்தில் நஞ்சாகிறது. திருவிழாவில் குறை வைத்ததால் மலை சரிந்தது என்றோ, முன்வினையால் பிள்ளையை இழந்தாள் என்றோ சொல்லப்படும்போது, ஏற்கெனவே "அன்றைக்கு அவனை வீட்டில் விட்டுவிட்டுப் போனேனே" என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்ட தாயின் மேல் தெய்வத்தின் தீர்ப்பும் சுமத்தப்படுகிறது. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப்படவில்லை. குற்றம் எங்கே இருக்கிறது என்பதை அறிவதும் குணமடைதலின் பகுதிதான். "எல்லாம் என்னால்தான்" என்னும் எண்ணம் நினைவோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண் அசைவுச் சிகிச்சை நேரடியாகக் குறிவைக்கிறது. கோயிலில் கற்பூரம் காட்டிக் கண்ணீர் விட்ட பின்னரும் அவ்வெண்ணம் மாதக்கணக்கில் விலகாமல், உறக்கத்தையும் வேலையையும் குலைக்குமானால், சிகிச்சையை நாடுவதில் எந்தத் தெய்வத்துக்கும் மனக்குறை இருக்க நியாயமில்லை. கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டவர் நேர்த்தியையும் நிறைவேற்றலாம், பதுளை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

ஆன்மிகப் பயிற்சியின் பயனை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிடுவோருக்கும் இலங்கையிலிருந்தே பதில் கிடைக்கிறது. சுனாமிக்குச் சில வாரங்களுக்குப் பின் வடகிழக்கில், மனவடு நோயின் அறிகுறிகள் கொண்ட 31 சிறுவர்களை இரு குழுக்களாகப் பிரித்து, உள்ளூரில் பயிற்றுவிக்கப்பட்ட துணையாளர்களைக் கொண்டு, ஒரு குழுவுக்கு வாழ்க்கைக் கதையை விவரிக்கச் செய்யும் சிகிச்சையும் மற்றொரு குழுவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியுமாக 6 அமர்வுகள் அளித்த ஆய்வு 2009இல் வெளியானது. ஆறு மாதங்களுக்குப் பின் முதற்குழுவில் 81 சதவீதத்தினரும் இரண்டாம் குழுவில் 71 சதவீதத்தினரும் மீண்டிருந்தனர். ஆய்வு சிறியது, அதில் கண் அசைவுச் சிகிச்சை இடம்பெறவும் இல்லை. ஆயினும் தியானம் ஒரு பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று வேண்டியதில்லை.

நம்பிக்கை: அழிவு நடந்த மறுநாளே எல்லோரையும் பேசவைத்துச் சிகிச்சை தொடங்க வேண்டும்

நல்லெண்ணத்தால் நேரும் தீங்கு இது. முகாமில் கூடியிருப்போரை ஒரே அமர்வில் நடந்ததைச் சொல்லச் செய்து துயரத்தை "வெளியேற்றும்" முறையை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைப்பதில்லை. முதல் நாட்களில் நடுக்கமும் உறக்கமின்மையும் இயல்பானவை. பெரும்பாலோருக்கு அவை சில வாரங்களில் தணியும். அப்போது தேவைப்படுவன உலர்ந்த உடை, சூடான தேநீர், பிரிந்த பிள்ளை எங்கே என்னும் செய்தி, பக்கத்தில் அமர்ந்து வற்புறுத்தாமல் கேட்கும் ஒருவர். நோயாக உறுதிப்படும் மனவடுவுக்கே முழுச் சிகிச்சை உரியது. அதையும் காணொளியைப் பார்த்துத் தாமே செய்துகொள்வது ஆபத்தானது. அடக்கிவைத்த காட்சி பெருகி எழும்போது அதை நிலைப்படுத்த அருகில் எவரும் இரார். மெக்சிக்கோவில் 1997ஆம் ஆண்டின் சூறாவளிக்குப் பின் சிறுவர்களுக்காக உருவான, இரு கைகளையும் மார்பின்மேல் குறுக்காக வைத்து மாறி மாறித் தட்டும் எளிய முறைகூட, பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு செய்வதற்கென அமைந்ததே. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண், எங்கே செல்வது என்று கேட்டறிவதற்கு உதவும்.

நம்பிக்கை: மழைக்குப் பயப்படுவது நோய், பயத்தைப் போக்குவதே குணம்

தகரக் கூரையில் மழை கனத்ததும் பிள்ளைகளை எழுப்பி, அடையாள அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வாசலில் நிற்கும் பெண்ணை நோயாளி என்று சொல்லுமுன், அவளுடைய லயம் எந்தச் சரிவின் கீழ் இருக்கிறது என்று கேட்க வேண்டும். பாதுகாப்பான வீடு விரைவில் கிடைப்பதும் இல்லை: மீரியபெத்தையில் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் மாக்கந்தைத் தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டு, ஏறத்தாழ 2 ஆண்டுகள் காத்திருந்த பின்னரே, 2016 அக்டோபரில் பூனாகலையின் மக்கல்தெனியவில் வீடுகளைப் பெற்றனர். கண் அசைவுச் சிகிச்சை, நிகழ்வு முடிந்துவிட்டது என்பதை மனத்துக்கு உணர்த்தும் முறை. முடியாத ஒன்றை முடிந்ததாக உணர்த்த அதனால் ஆகாது, முயல்வதும் அறமன்று. ஆபத்தான சரிவின் கீழ் வாழ்பவருக்கு நிலைப்படுத்தும் பயிற்சிகளை அளிக்கலாம். நினைவைக் கிளறும் கட்டத்துக்குப் போகுமுன் பாதுகாப்பான காணிக்கும் வீட்டுக்கும் குரல் கொடுப்பது சிகிச்சையாளரின் வேலையாகவே கொள்ளப்பட வேண்டும்.

எந்தப் பயம் நோய், எந்தப் பயம் அறிவு என்று பிரித்தறிய ஓர் அளவு இருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பு, 100 எட்டினால் எச்சரிக்கை, 150 எட்டினால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ளது. பாதுகாப்பான இடத்தில் குடியேறிய பின்னரும், வெயில் காலத்துத் தூறலுக்கே நெஞ்சு படபடத்து ஓடத் தோன்றுமானால், அந்நடுக்கத்தைச் சிகிச்சை தணிக்க வேண்டும். மழைமானியில் நீர் 100ஐத் தாண்டும் இரவில் எழுந்து பக்கத்து லயத்தாரைத் தட்டி எழுப்பும் கூர்மை, சிகிச்சை முடிந்த பின்னும் அவரிடம் குறையாமல் இருக்க வேண்டும்.